ஆற்றை மட்டும் நகர்த்தியவர்

விளக்கு வைத்த கண்ணாடி மேசையின் மேல் ஒரு பாட்டில். உள்ளே கடுங்காபி நிறத்தில் தண்ணீர். எண்பதுகளில் வேலூரில் நான் வரைவாளராக இருந்த அலுவலகத்துக்கு, ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் கொண்டுவந்தது. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு இறங்கிய அவருடைய கிணற்றுத் தண்ணீர். பாழான நிலத்தைச் சுற்றி நாங்கள் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். கோட்டுக்குள் வரும் ஊருக்குக் குடிநீர்க் குழாய். “எங்க கெணறு உள்ள வருதாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

பாழான நிலம் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. கிணறுகளும் ஆறும் பழைய வரைபடத்திலிருந்து டிரேசிங் பிலிமில் எடுத்தவை. மூலையிலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பொருத்திப் பிலிமைப் படத்தின் மேல் விரித்தால், பாலாறு பாலாற்றின் மேல் உட்காரவில்லை. ஒரு நெல் அகலம் தள்ளி ஓடியது. தரையில் அது சில கழனிகளைத் தாண்டும் தூரம். பழைய வரைபடம் பூமியை ஓர் அளவில் கணக்கிட்டது, புதிய படம் வேறோர் அளவில். எண் ஒன்றாக இருந்தாலும் இடம் ஒன்றல்ல. கணக்குப் போட்டுப் பிலிமிலுள்ள அத்தனையையும் சேர்த்து நகர்த்த வேண்டும். “அட்ஜஸ்ட்மென்ட் செய்யணும் சார்” என்றேன்.

தலைமை வரைவாளர் அந்தச் சொல்லை ஊரெல்லாம் புரிந்துகொள்ளும் விதத்திலேயே புரிந்துகொண்டார். “ஆறுதானேம்மா ஒதுங்கிக்கினு கீது? ஆத்தை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிட்டா போச்சு.”

“கிணறும் நகரணுமே சார்!”

“ஒரு நெல்லு ஜாஸ்தியா கம்மியா, இன்னா இப்போ? நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ் போவணும். பேஜார் பண்ணாதே.”

கெட்ட மனிதர் அல்ல, அதுதான் எரிச்சல். வேட்டி நுனியில் பேனாவைத் துடைத்து, பழைய ஆற்றைப் பிளேடால் சுரண்டிவிட்டு, படத்திலிருந்த ஆற்றின் மேலேயே புது ஆறு வரைந்தார். முடி போலக் கோடு, கை நடுங்கவே இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். கிணறுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த அம்மாவின் கிணறு கோட்டுக்கு வெளியே நின்றது. நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றங்கரையில் நின்று கைபேசியைப் பார்த்தேன். எந்தக் கணக்கும் கேட்காமல், நான் நிற்கும் இடத்திலேயே நீலப் புள்ளி வைத்தது. அன்றைய கோட்டுக்கு நன்றாக உள்ளேதான். அந்த அம்மா இப்போது இல்லை. அவருடைய மருமகள் ஒரு பாட்டிலை நீட்டினாள்.

“பயப்படாம குடிங்கம்மா, கடைத் தண்ணிதான்.”