ஸோஃபிக்கு முந்திய பெட்டூனியா

ரோஸ்விதா, எங்கள் டிரோல் மலையூரில் கம்பிவடத்தில் மலையேறும் தொங்குவண்டிக்கு டிக்கெட் கொடுப்பவள். வரிசை நகரவில்லையென்றால் டிக்கெட் கூண்டைவிட்டு வெளியே வந்து ஆட்களைப் பிடித்துத் தள்ளுவாள். பொறுமைக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

அவளுக்கு ஒரே ஆசைதான். ஜூலையில் நடக்கும் பால்கனிப் பூப்போட்டியில் எதிர்வீட்டு லோனியை ஒருதடவையாவது ஜெயிக்க வேண்டும். இறைச்சிக்கடைக்காரி லோனியின் தொங்கு பெட்டூனியா கீழ்மாடி ஜன்னலையே மூடிவிடும். ரோஸ்விதாவும் நுனி கிள்ளினாள், வாடிய பூவைப் பறித்தாள், விரல் பிசுபிசுக்க உரத்தண்ணீர் ஊற்றினாள். அவள் கொடிகள் பாதி வழியில் நின்றுவிட்டன.

இந்த வருஷம் ஏப்ரலிலேயே நல்ல வெயில். மே நடுவில், கடைசி உறைபனியைக் கொண்டுவரும் குளிர்ப் புனிதர்களின் திருநாட்கள் கழியும்வரை இங்கே யாரும் செடியை வெளியே வைக்க மாட்டார்கள். அந்தப் புனிதர்களில் கடைசியாக வரும் ஸோஃபி ரொம்பப் பொல்லாதவள். ஆனால் ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. மே பிறந்ததுமே தச்சனான என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

"தொட்டியெல்லாம் பால்கனிக் கம்பியோட சேத்து முடுக்கிடுங்க தச்சரே. காத்துல ஆடக்கூடாது."

"ஸோஃபி போகட்டுமே?"

"அவ வர்றதுக்குள்ள எம் பூ தரையத் தொட்டுடும். நீங்க முடுக்குங்க!"

முடுக்கினேன். அவள் வாய்க்கு யார் பதில் சொல்வது?

ஸோஃபிக்கு முந்தின நாள் சாயங்காலம் வானம் மேகமில்லாமல் வெளுத்தது. உறைபனி விழும் என்றது வானொலி. ரோஸ்விதா என் பட்டறைக்கே ஓடிவந்து என்னை இழுத்துப் போனாள். உள்ளே எடுத்து வைக்க முதல் தொட்டியைக் கழற்றும்போதே ஒன்றோடொன்று பின்னியிருந்த கொடிகள் படபடவென்று முறிந்தன.

"ஐயோ, விட்டுடுங்க! ஒடியுது!" தெருவே பார்க்க அழுதாள்.

அப்போதுதான் கை நிறைய படுக்கை விரிப்புகளோடு லோனி வந்தாள். கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

"அழுதா பனி நிக்குமாடி? ஏணியப் புடி!"

விரிப்பு, ரஜாய், லோனியின் கல்யாண மேஜைத்துணி எல்லாம் மேலே ஏறின. நான் கீழிருந்து கொடிகளைத் தாங்க, அவர்கள் மேலே சுற்றிக் கட்டினார்கள். "சலவைக்கடை எப்பத் தொறந்தீங்க?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. வெயில் ஏறியதும் ரோஸ்விதா ஒவ்வொரு துணியாக விலக்கினாள். நாலைந்து நுனி கருகியிருந்தது, அவ்வளவுதான்! குதித்தாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்புறம் லோனியைப் பார்த்தாள்.

"பேசாம விட்டிருந்தா இந்த வருஷமும் நீதானேடி ஜெயிப்ப?"

"அது எப்படியும் ஜெயிப்பேன்." லோனி மேஜைத்துணியை மடித்தாள். "உம் பூவெல்லாம் தெருவப் பாத்துல்ல தொங்குது? தண்ணி ஊத்துற நீ பாக்குறது அதுங்க முதுக. தினம் காபி குடிச்சிக்கிட்டே மொகத்தப் பாக்குறது நான்தானேடி."

ரோஸ்விதா எதிர்வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். லோனியின் காலி பால்கனி கண்ணில் பட்டதும் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உன்னோடத எப்ப வெளிய வைப்ப? நான் எத்தன நாள்டி மொட்டச் சுவரப் பாத்துக்கிட்டே காபி குடிக்கிறது?"