ரஷ்யக் கோல் காப்பாளரின் இடது பக்கம்

ஸ்கேற் சப்பாத்துக்குக் கூர் வைக்கிறவனை, அணி வென்றால் ஒருவருக்கும் நினைவிருக்காது. தோற்றால் எல்லோரும் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். அடுத்தவரின் வியர்வை நாற்றத்துக்குள் எட்டு மணித்தியாலம் கீழ்த்தளத்தில் நின்று பிழைத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சின்ன ஐஸ் ஹொக்கி அணிக்கு நான் அந்த வேலை செய்தேன். அணியின் கோல் காப்பாளர் விக்தர் என்ற ரஷ்யர். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே இலட்சணம் என்பதால், அவர் சொன்னதை என் தமிழிலேயே தருகிறேன்.

கூர் கூடிப்போன குற்றம்

சேர்ந்த முதல் நாள், நல்ல பெயர் எடுக்கிற ஆசையில் எல்லோருடைய சப்பாத்து அலகையும் சவர அலகு போலத் தீட்டி வைத்தேன். விக்தருடையதை இன்னும் ஒரு பிடி கூடவே. கோல் காப்பாளர் மற்றவர்களைப்போல் ஓடுகிறவர் அல்ல, இரண்டு கம்பங்களுக்கும் இடையே பக்கவாட்டில் வழுக்கிப் போகிறவர் என்பதும், அவருடைய அலகு மழுங்கலாக இருக்கவேண்டும் என்பதும் எனக்கு யார் சொன்னது?

பயிற்சியில் விக்தர் இடப்பக்கம் வழுக்கப் பார்த்தார். அலகு பனியில் குத்தி நின்றது, ஆள் முகம் குப்புற விழுந்தார். இன்றோடு என் வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் கீழே வந்து சப்பாத்துகளை என் மேசையில் வைத்தார்.

“நீர் எனக்குக் கத்தி தந்திருக்கிறீர். எனக்குத் தேவை தேய்ஞ்ச கரண்டி.”

போகச் சொன்னவர்

அந்த மாரிக் குளிரில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரு மட்ச் முடிந்து விக்தர் உள்ளே வரும்போது, மேலே பார்வையாளர் வரிசையில் இருந்த ஒருவர் கோப்பிக் கோப்பையை எறிந்து, வந்த இடத்துக்கே திரும்பிப் போ என்று கத்தினார். அந்த வசனம் எனக்கும் பழக்கம்தான். பார்க்டேல் பஸ்ஸில் இரண்டு தரம் வாங்கியிருக்கிறேன்.

விக்தரின் கழுத்திலிருந்த கோப்பியைத் துடைக்கத் துவாய் கொடுத்தேன்.  ஆறுதல் தேவைப்பட்டவராக அவர் இல்லை.

“நான் பிறந்த நாடு இப்ப தேசப்படத்திலேயே இல்லை. எந்த வழியாலை போறது எண்டு அவரிட்டைக் கேட்டுச் சொல்லும்.”

அறாத பின்னல்

கோல் காப்பாளரின் இடது கையில் வட்டைப் பிடிக்கிற பெரிய தோல் கையுறை இருக்கும். வட்டு என்றது கல்லுப்போல் உறைந்த கறுப்பு ரப்பர். அது விழுந்து விழுந்து கையுறையின் பின்னல் அறும். கிழமைக்கு ஒரு தரம் நான் புதுசாகப் பின்னுவேன். தை மாதம் முழுக்க அந்தப் பின்னல் ஒரு தரமும் அறுபடவில்லை. பார்த்தால், கால் கவசத்திலும் வலது பக்கத்தில்தான் கறுப்புத் தழும்புகள். இடது பக்கத்தால் வந்ததெல்லாம் கோலுக்குள் போயிருக்கிறது.

அடுத்த நாள் அவருக்கு இடது பக்கமாக நின்று துவாயை நீட்டினேன். அவர் கதவைப் பார்த்துத் துவாய் எங்கே என்று கேட்டார். துவாயை அவருடைய கையில் வைத்தேன். பிறகு சொன்னார்: போன வருடம் ஒரு தடி இடது கண்ணில் பட்டதாம், இப்போது அதில் பாதிக்கு இருட்டாம். வைத்தியரின் எழுத்துப் பலகையை வலது கண்ணால் பாடமாக்கி, இடது கண்ணுக்கு ஒப்புவித்தாராம். விளையாடாவிட்டால் அணியின் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் வீசா இல்லை. மனைவியும் மகளும் இங்கே வந்துவிட்டார்கள், மகள் பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்டாள். என் அகதி வழக்கும் அப்போது விசாரணைக்குக் காத்திருந்தது. கடிதத்தின் அருமையை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“மார்ச்சிலை மட்ச் எல்லாம் முடியுது. அதுவரைக்கும் நீர் ஒண்டும் காணேல்லை.”

மட்ச் நாள்

எங்கள் அணியில் ஒரு வழக்கம்: மட்ச் நாளில் கோல் காப்பாளரோடு ஒருவரும் கதைப்பதில்லை. அவருடைய கவனம் கலையக்கூடாதாம். கோச்கூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை, விக்தர் தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் கையை நீட்டினார். இரண்டு தரமும் கையில் காற்றுத்தான் அகப்பட்டது. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. வழக்கத்தைச் சாட்டாக வைத்து அதை விழுங்கிவிட்டேன். உண்மையில் அது வழக்கமும் இல்லை, இரக்கமும் இல்லை. தெரிந்தும் சொல்லாதவன் என்று என்னையும் வெளியே போட்டுவிடுவார்களோ என்ற பயம்.

மட்ச்சின் மூன்று கட்டங்களில் இரண்டாவதில், இடப்பக்கத்திலிருந்து ஒரு அடி. அவருடைய கை எழும்பவே இல்லை. வட்டு முகமூடியின் இடது கம்பியை உள்ளே வளைத்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபின், பனி மெழுகும் வண்டி ஓட்டுகிற தவம் அண்ணை சிவந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். அவரும் என்னைப்போல யாழ்ப்பாணத்தவர், போரில் இதைவிடக் கூடக் கண்டவர்.

“ஐஸிலை ரத்தம் கீழை இறங்காது தம்பி. மேலாலை சீவிவிட்டால் சரி.”

ஆஸ்பத்திரி

இடது கண் முழுக்கப் போய்விட்டது. அணி அடுத்த கிழமையே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது, கடிதமும் நின்றது. நான் போனபோது விக்தரின் மனைவி எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார். எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கதிரையில் இருக்க என்னால் முடியவில்லை.

கட்டிலின் வலப்பக்கமாகப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், முழு வசனமாக மனதில் வைத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. விக்தர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“இண்டைக்கு நீர் என்னோடை கதைக்கலாம். எனக்கு இனி மட்ச் நாள் இல்லை.”

வாயைத் திறக்காமல் இருந்ததற்காக இந்தத் தொழிலில் ஒருவரையும் வேலையால் நிற்பாட்டுவதில்லை. நானும் அதற்குப் பிறகு ஆறு வருடம் அங்கேயே நல்ல பெயரோடு வேலை செய்தேன்.