வெள்ளை அடை

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் டிரைவர் எதையும் தொடுவார். டம்ளரோ, தாழ்ப்பாளோ, சட்டைப் பித்தானோ, எதுவானாலும் ஓடப் பார்க்கிற கோழியை அமுக்குவதுபோல மணிக்கட்டை அமுக்கி, வேலை நடக்கிற இடம்வரை கூட்டிக்கொண்டு போவார். விட்டதும் அது மறுபடி ஆடும்.

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய கை அது. ஒரு நாள் திருப்பத்தில் ஸ்டியரிங்கோடு சேர்ந்து தானும் ஆடியது. கண்டக்டர் பார்த்தார், பயணிகள் பார்த்தார்கள், டாக்டர் பார்த்தார், கடைசியில் ஆபீஸும் பார்த்தது. வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். தெருவில் பெயர் மட்டும் டிரைவர் என்றே நின்றுவிட்டது. உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். மலை கிடக்கட்டும், உட்கார்ந்தே இருந்தால் மனுஷன் கரைவான், அதை யார் சொல்கிறார்கள்? ஆணி அடிக்கப் போய் விரலில் அடித்துக்கொண்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் செடியைத் தவிர எல்லாம் நனைந்தது.

அப்புறம்தான் கொல்லைப்புறத்தில் தேன் பெட்டி வந்தது. நடுங்குகிற கைக்குக் கொட்டுகிற பூச்சியா என்று கேட்காதவர்கள் இல்லை. கொட்டத்தான் செய்தது. வீங்கிப்போனால் கொஞ்ச நேரம் கை ஆடுவதில்லை, அதுவும் லாபம்தான் என்பார். பெட்டியின் வாசல் பலகையில் தேனீக்கள் அடைந்து நின்றால், “உள்ள போங்க, உள்ள போங்க, படியில தொங்காதீங்க” என்று விரட்டுவார். வந்து ஒன்றரை வருஷத்துக்குள் இரண்டு கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துபோயின. ஒன்று எறும்புக்குப் பயந்து போனது. மற்றது, இவர் நாளைக்குப் பத்து தரம் திறந்து திறந்து பார்த்த தொல்லை தாங்காமல் போனது.

மூன்றாவது கூட்டம் வந்தபோது மைத்துனன் கேலியை விடவில்லை. “ரெண்டு கூட்டம் பாதி வழியில இறங்கிடுச்சு. இதாவது கடைசி ஸ்டாப் வரைக்கும் வருமா மாமா?”

“வரும்டா. நான் பிரேக் போட்டாத்தான இறங்கும்” என்றார் டிரைவர். மைத்துனன் போன பிறகு மனைவியிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: “இதுவும் போயிடுச்சுன்னா, இந்தக் கைக்கு வேற வேல இல்ல.” அவள் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

அந்தக் கூட்டம் நின்றது. மேல்தட்டில் நாலு மரச்சட்டம் நிறைய, பாலாடை நிறத்தில் புதுத் தேனடை கட்டியது. குஞ்சு பொரித்துப் பழகிய அடை என்றால் கறுத்துத் தடித்து உரம் ஏறியிருக்கும். இது பச்சைப்பிள்ளை மண்டை மாதிரி, அழுத்தினால் குழிகிற அடை. தேனை எடுத்துக்கொண்டு அடையை உடையாமல் திருப்பிக் கொடுத்தால் ஈ அதிலேயே மறுபடி தேன் சேர்க்கும். கூட்டம் விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: தேன் எடுக்கிற டிரம்மில் சட்டத்தை வைத்து மெதுவாகச் சுற்று, ஒரு பக்கம் பாதி இறங்கியதும் சட்டத்தைத் திருப்பு, மறுபக்கம் முழுக்க எடு, அப்புறம் திரும்ப முதல் பக்கத்துக்கு வா. ஒரே பக்கமாக விரட்டினால் பின்பக்கத்துத் தேனின் கனமே அடையைப் பிளந்துவிடும்.

டிரைவருக்கு இது தெரியும். கத்தியால் மெழுகு மூடியைச் சீவித் தந்தவள் மனைவி. நாலு சட்டத்தையும் டிரம்மில் இறக்கி, கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத்தான் தொடங்கினார். மெதுவாகச் சுற்றும்போது கை ஆடியது. கை ஆட ஆட டிரம் வெட்டி வெட்டி இழுத்தது. சட்டங்கள் கடகடத்தன. அந்தக் கடகடப்புக்குப் பயந்து கொஞ்சம் வேகம் கூட்டினார்.

வேகம் வந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக வலது கை தானாக, யாரும் பிடிக்காமல், நெய்யில் ஓடுகிற மாதிரி ஓடியது. தேன் டிரம்மின் சுவரில் மழைபோல அடித்தது. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏங்க, உங்க கை நடுங்கலைங்க.”

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அப்புறம் தெருவில் சொன்னார்கள். அது என்ன பேச்சு? கட்டினவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? டிரைவர் முகத்தில் சிரிப்பு வந்தது. நெடுஞ்சாலையில் டாப் கியர் போட்டவர் மாதிரி முதுகை நிமிர்த்தி இன்னும் விரட்டினார். சட்டத்தைத் திருப்ப வேண்டும் என்பது தெரிந்தேதான் இருந்தது. திருப்ப வேண்டுமானால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கை ஆடும்.

உள்ளே ஈரத்துணி விழுந்தமாதிரி ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று. நிறுத்திப் பார்த்தபோது சட்டங்களில் மரமும் கம்பியும்தான் இருந்தன. அடை நாலும் தேனுக்குள் கூழாகிக் கிடந்தது.

அகப்பட்ட கைப்பிடியளவுத் துண்டுகளைச் சட்டத்தில் வைத்து, தையல் நூலால் சுற்றிக் கட்டினார்கள். முடிச்சுப் போடுகிற இடத்தில் அவள் விரலை வைத்தாள், அவர் இழுத்தார். ஒழுக ஒழுகப் பெட்டியில் திரும்பத் தொங்கவிட்டார்கள். ஒழுகிய தேனைத் தேடி எறும்பு வந்தது, ஊரில் உள்ள வேற்று ஈயெல்லாம் கொள்ளையடிக்க வந்தது. இரண்டு போத்தல் தேன் தேறியிருந்தது. தொட்டு நக்கிய மைத்துனன் அருமை என்றான். அவன் கேலி பேசாமல் போனதுதான் டிரைவருக்குத் தாங்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் வாசல் பலகையில் ஒன்றும் இல்லை. டிரைவர் பெட்டியைத் திறந்தார். நூல் சுற்றிய துண்டுகள் காய்ந்து தொங்கின. கீழ்த்தட்டில் மூலையில் நாலைந்து செத்த ஈ. அவள் சமையலறைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் மூடியை எடுத்து, விளிம்பில் இன்னும் ஈ நிற்கிற மாதிரி, அதன் கால் நசுங்கிவிடாமல் இருக்க, ஊதி ஊதி விலக்கிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார்.