கத்திச் சொல்ல முடியாதது

என் காதில்தான் குறை என்று முதலில் எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் மாறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான் சமையலறைக்குள் நுழைந்தால் கணவரும் மகளும் பேச்சை நிறுத்துவார்கள். நான் டிவி முன்னால் உட்கார்ந்தால் பின்னால் முணுமுணுப்பார்கள். "என்ன பேசறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷின்களுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஈஜிபுராவில் ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வீடுகள், எங்களுடையது நடுவில். கல்யாணமாகி ஓசூரில் இருந்த மகள் ரேவதி, ஆபீஸ் இங்கிருந்து பக்கம் என்று சொல்லி எங்களோடு வந்து தங்கியிருந்தாள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை என்றார்கள். அதையும் நான் அரைகுறையாகத்தான் நம்பினேன்.

கம்பெனியில் பெண்கள் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். கடைசியில் மேனேஜரே கூப்பிட்டு, டாக்டரிடம் காதைக் காட்டிவிட்டு வரச் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்ப வழி தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"சென்சரிநியூரல் லாஸ் (உள்காதிலோ காது நரம்பிலோ வரும் கேட்புக் குறை). மாத்திரை கிடையாதும்மா. காதுக்கு மெஷின்தான் வெச்சுக்கணும்" என்றார் டாக்டர். கூடவே ஒரு கிளினிக்கின் பெயரையும் சொன்னார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இவருக்கும் அந்தக் கிளினிக்குக்கும் ஏதோ ஏற்பாடு! ஊரின் இன்னொரு கோடிக்குப் போய் வேறொரு டாக்டரிடம் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டிருக்க முடியாது என்று ஒப்புக்கொள்ளவே எனக்குப் பல நாட்கள் ஆயின.

ஆடியோகிராம் (எந்த ஓசை எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுக்க, கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். பல நேரம் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. சத்தமே போடாமல் ஏமாற்றுகிறாள் என்று அந்த ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பெண்ணையே கண்ணாடி வழியாகக் கவனித்தேன். அவள் கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன். அவள் எழுந்து வந்து, கன்னடம் கலந்த தமிழில், "அம்மா, என் கையைப் பார்த்து அமுக்கக் கூடாது. ஸ்வல்ப (கொஞ்சம்) அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

வரைபடத்தைக் காட்டி அவள் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்தக் குறை வந்தவர்களில் பலருக்கு எல்லா ஓசையும் ஒரே அளவில் குறைவதில்லை. தடித்த ஓசைகள் கேட்கும், ஸ, ச, த போன்ற மெல்லியவை விழுந்துவிடும். அதனால் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. என்னைப் போன்ற சந்தேகக்காரிக்கு இது போதாதா?

மெஷினைப் போட்ட அன்று என் குரலே குடத்துக்குள்ளிருந்து வந்தது. பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு எரிச்சலூட்டியது. பழகிவிடும் என்றார்கள். விலை கூடிய பொருள் என்பதால் நான் அதைப் பட்டுப்புடவை போலத்தான் நடத்தினேன். கல்யாணம், கோயில், கம்பெனி மீட்டிங் என்றால் போட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த முறை போனபோது ஆடியாலஜிஸ்ட் மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தாள். "வீட்ல போடறதே இல்லையாம்மா?"

"யாரு சொன்னது? என் பொண்ணு போன் பண்ணாளா?"

"யாரும் பண்ணல. எவ்ளோ நேரம் போட்டிருக்கீங்கன்னு மெஷினே சொல்லுதில்ல."

காதுக்குள்ளேயே ஒரு வேவுகாரனை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! கோபமாக வந்தது. அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் கேட்காத ஓசைகளை மூளை மறந்திருக்கும், அது திரும்பப் பழக வேண்டிய இடமே சத்தமில்லாத வீடுதான் என்றாள். மெஷின் என்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்ற பயத்தில்தான் வீட்டிலும் போட ஆரம்பித்தேன். அறிவு வந்து அல்ல.

சில வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சமையலறையில் வழக்கமான முணுமுணுப்பு. நடுவில் "வக்கீல்" என்ற சொல் தெளிவாக வந்து விழுந்தது. பிறகு கணவரின் குரல்: "அவன் கால்ல விழுந்தாலும் நீ போவாத."

என் சந்தேகம் சரிதான். மறைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். உள்ளே போய் நின்றேன்.

"வக்கீல் எதுக்கு? எனக்குத் தெரியாம என்ன நடக்குது இந்த வீட்ல?"

இருவரும் என் காதைப் பார்த்தார்கள். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ரேவதிதான் பேசினாள்.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு இல்லம்மா. உங்கிட்ட சொல்லணும்னா கத்தணும். புருஷன் அடிச்சிட்டான்னு கத்தியா சொல்றது? அஞ்சு வீட்டுக்கும் கேக்காதா?"

"எழுதிக் காட்டியிருக்கலாமேடி."

"போன்ல எழுதினேன். எழுதி எழுதி அழிச்சிட்டேன்."

அவர்கள் குரலைத் தாழ்த்தியது அக்கம்பக்கத்துக்காக. நானோ அது என்னிடம் மறைக்கத்தான் என்று அவள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அந்த நாட்களிலெல்லாம் என் மகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நினைக்க நினைக்க அழுகைதான் வந்தது.

ஜன்னலைச் சாத்தினேன். ஃபேன் ஓடினால் மெஷினில் இரைச்சல் வரும், அதையும் நிறுத்தினேன். வியர்த்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சந்தேகம் அடியோடு போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்றும் யாராவது குரலைத் தாழ்த்தினால் என் கை மெஷினுக்குப் போகிறது. கேட்பது என்பது இப்போது எனக்கு உடம்பால் செய்யும் வேலை. முதலில் சத்தம் வருகிறது, சற்றுப் பொறுத்துத்தான் அது சொல்லாகிறது. அந்த இடைவெளியில் எல்லோரும் எனக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அன்று ரேவதி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். பாதிச் சொற்கள் என்னிடமிருந்து நழுவின.

"புரியலம்மா, இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன்.

குரலை உயர்த்தாமலே அவள் மறுபடியும் சொன்னாள்.