இருநூற்றைம்பது கிராம் அரபி

தொண்ணூறுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில், கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த டி.டி.பி. சென்டரில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் என்று கம்ப்யூட்டரில் அடித்து, பக்கமாக அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவோம். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம், ஆங்கிலம் ஒப்பேற்றும் அளவுக்கு. அரபியில் எது தலை, எது வால் என்றுகூடத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை சுள்ளிக்கலிலிருந்து ஓர் இத்தா வந்தார். முஸ்லிம் வீட்டு அக்காமார்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பத்திரி என்கிற அரிசி ரொட்டி சுடுவதற்கான மாவை வறுத்து பாக்கெட் போட்டு விற்பவர். வளைகுடாவில் ஒரு கடைக்காரர் முதல்முறையாக அவரிடம் சரக்கு கேட்டிருந்தார். பாக்கெட்டின் பின்பக்கம் ஒட்டுகிற லேபிள் முழுக்க அரபியில் இருக்க வேண்டும் என்று சொல்லி, வாசகத்தை ஃபேக்ஸில் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை சரக்கு துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். லேபிள் இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய இடங்களில் கேட்டு, இரண்டிலும் "பற்றில்லா", முடியாது என்று கைவிரித்த பிறகு எங்களிடம் வந்திருந்தார்.

எங்கள் முதலாளிச் சேட்டனும் அதையே சொல்ல வாயைத் திறந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யாராவது முடியாது என்று சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்காது. "ஞான் செய்து தராம் இத்தா" என்று முந்திக்கொண்டேன். சேட்டன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

வாய்க்கொழுப்பின் பலனை அன்று மத்தியானமே அனுபவித்தேன். அரபி அடிக்கிற ஒரு சின்ன மென்பொருள் சேட்டனின் நண்பரிடம் கிடைத்தது. ஃபேக்ஸைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன். அதில் அழகாக வந்தது. லேபிள் அமைக்கிற மென்பொருளுக்கு அதைக் கொண்டுவந்ததும் எல்லாம் குலைந்துபோனது. அரபி எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வலமிருந்து இடமாகப் போகிறவை. ஒரே எழுத்துக்குச் சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் வேறொன்று. எங்கள் மென்பொருளுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. பள்ளிக்கூட மணி அடித்ததும் கையை விட்டுவிட்ட பிள்ளைகள் மாதிரி எழுத்துகள் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக நின்றன.

சரி, உன் வழிக்கே வருகிறேன் என்று, சேர்ந்து நிற்கும் வடிவங்களைப் பொறுக்கியெடுத்து, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். திரையில் பார்த்தால் அசல் அரபி. பெருமை பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை இத்தா சரிபார்க்க வந்தார். மதரஸாவில் படித்ததால் அவருக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. ஃபேக்ஸைப் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

"மோளே, இதின்றெ தலை தாழெயாணல்லோ! கடைசி வரி மேலே கேறி இரிக்குன்னு."

ஒரே நீள வரியாக இருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. லேபிளின் அகலத்துக்குச் சுருக்கியதும் மென்பொருள் தன் வழக்கப்படி இடப்பக்கத்திலிருந்து வரியை மடித்துவிட்டது. வாக்கியத்தின் முடிவு மேலே போய், தொடக்கம் கீழே வந்துவிட்டது. இது போதாதென்று, அரபியிலும் எண்களை மட்டும் இடமிருந்து வலமாகத்தான் எழுதுவார்களாம். எனக்கு அது எங்கே தெரியும்? அவற்றையும் திருப்பிப் போட்டதில் 250 கிராம் 052 ஆகியிருந்தது.

"அம்பத்திரண்டு கிராமோ? ஒரு குட்டிக்குப் போலும் தெகயில்லா" என்றார் இத்தா. ஒரு குழந்தைக்குக்கூடப் பத்தாது என்று அவர் சிரிக்க, எனக்கு அழுகை முட்டியது.

அன்று படகில் வீட்டுக்குப் போகும்போதுதான் தோன்றியது. மென்பொருளுக்கு வரியை மடிக்கத் தெரியவில்லை என்றால் மடிக்கவே விடக்கூடாது! மறுநாள் ஒவ்வொரு வரிக்கும் தனிப் பெட்டி போட்டு, எல்லாவற்றையும் வலப்பக்கம் ஒட்டி நிறுத்தினேன். எண்களை நேராக வைத்தேன். வியாழக்கிழமை இத்தா மேலிருந்து கீழ்வரை சரிபார்த்துவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை காலையில் இருப்புக்கொள்ளாமல் நானே அச்சகத்துக்குப் போய்விட்டேன். அச்சுத் தகடு எடுக்கிற மேஜையில், கண்ணாடிக்கு அடியில் என் தாள் இருந்தது. வலப்பக்கம் நேராக நிற்க வேண்டிய வரிகள் இடப்பக்கம் நேராக நின்றன. பட்டர் பேப்பரில் இரண்டு பக்கமும் எழுத்து தெரியும், தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்!

"அரபி வலத்து நின்னல்லே துடங்ஙுன்னது? அதுகொண்டு ஞான் மறிச்சு வெச்சு" என்றார் தகடு எடுக்கிறவர், எனக்கு உதவி செய்த நிம்மதியோடு. மலையாளமோ ஆங்கிலமோ ஓர் எழுத்துகூட இல்லாத தாள் அவர் கைக்கு வந்தது அதுதான் முதல்முறை.

"வேண்டா சேட்டா, மறிக்கண்டா!" என்று கத்தினேன்.

"நினக்கு அரபி அறியாமோ?"

"அறியில்லா. பக்ஷே இது அரபியல்லா!"

அவர் நம்பவில்லை. சுவரில் பள்ளிவாசல் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் அரபி எண்களிலும் தேதி இருந்தது. இருபத்தைந்தாம் தேதியைக் காட்டினேன். இரண்டு இடப்பக்கம், ஐந்து வலப்பக்கம். என் தாளில் இருந்த 250-இலோ ஐந்துக்கு வலப்பக்கம் இரண்டு, அதுவும் முகக்கண்ணாடியில் பார்த்தது போல. மனிதர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தூக்கி, தாளைப் புரட்டி வைத்தார். எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது.

சனிக்கிழமை சரக்கு போனது. சில வாரங்கள் கழித்து இத்தா ஒரு தூக்கு நிறையப் பத்திரியும் இறைச்சிக் கறியுமாக வந்தார். கடைக்காரர் மறுபடியும் சரக்கு கேட்டிருந்தார். அதைவிட வேடிக்கை, கைவிரித்த அந்த எர்ணாகுளத்து இடங்களில் ஒன்று தனக்கு வந்த அரபி வேலையை எங்களுக்கே அனுப்பியது. சேட்டன் கடைப் பலகையில் "அரபியும்" என்று புதிதாக எழுதவைத்தார். அந்த ஒரு சொல்லைப் பார்ப்பதற்காகவே நான் கொஞ்ச நாள் எதிர்ச்சாரியில் நடந்து வேலைக்குப் போனேன்.

பின்னால் வந்த மென்பொருள்கள் இதையெல்லாம் தாமாகவே செய்துவிடுகின்றன. எனக்கு இன்றைக்கும் அரபியில் ஒரு சொல்கூட வாசிக்க வராது. ஆனால் வாசிக்கவே தெரியாத ஓர் எழுத்துக்காக, எல்லாம் தெரிந்தவள்போல் எதிர்த்து நின்று ஜெயித்த அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால், எவ்வளவு புதிய வேலை முன்னால் வந்து நின்றாலும் எனக்குப் பயம் வருவதில்லை.