வெடுக்கு தேடிய பெயர்

அவளுக்குத் தெருவில் "வெடுக்கு" என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிட்டு மரியாதையோடு வீடு போய்ச் சேர முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். காய்கறிக் கடைக்காரர் எடை போடும்போது அவள் தராசைப் பார்க்கமாட்டாள், அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். அதிலேயே அவர் கூடுதலாக ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவார்.

அவள் வேலை பார்த்தது கணவனின் அக்கா நடத்திய பார்லரில். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. ஜன்னல் ஒன்று உண்டு, ஏ.சி. போட்ட பிறகு அதைத் திறக்கக் கூடாது என்று நாத்தனார் டேப் ஒட்டி வைத்திருந்தாள். சுருட்டை முடியை நேராக்கும் க்ரீம்தான் அங்கே முக்கிய வியாபாரம். க்ரீமைத் தடவி, உலர்த்தி, சூடான அயர்னால் இழை இழையாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது புகை எழும்பும். வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அயர்ன் பிடிப்பவள் கண்ணை மூட முடியுமா?

முதலில் கண் எரிந்தது. பிறகு தொண்டை. அப்புறம் ஒருநாள் வாடிக்கையாளரின் தோளில் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் சொட்டென்று ஒரு சிவப்புத் துளி விழுந்தது. அவளுடைய மூக்கிலிருந்து வந்த ரத்தம்.

"உனக்கு எப்பவும் மூக்குமேல கோபம். அதான் சூடு ஏறிப் போச்சு" என்று நாத்தனார் சிரித்தாள்.

வெடுக்குக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவர் சளிக்கு மாத்திரை எழுதினார். அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. விடுமுறை நாளில் ரத்தம் வராது, வேலைக்குப் போன நாளில் வரும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. க்ரீம்தான் என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். ஆனால் நாத்தனாரிடம் சொல்ல வெறும் மனது போதாது.

போனை எடுத்து, "முடி நேராக்கும் க்ரீம் நல்லதா" என்று தேடினாள். நல்லது, மிகவும் நல்லது, பட்டுப்போல் ஆகும், இப்போதே வாங்குங்கள் என்று வரிசையாக வந்தது. "முடி நேராக்கும் க்ரீம் கெட்டதா" என்று மாற்றிக் கேட்டாள். ஒரே வருடத்தில் நுரையீரல் கரைந்துவிடும் என்று ஒரு பக்கம் வந்தது. மண்டை ஓட்டுப் படம் வேறு. படித்ததும் ஒரு திருப்தி, அகப்பட்டாயா என்று.

அதை நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் தன் போனை எடுத்து, நல்லது என்று சொல்லும் பக்கத்தை நீட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கோழி மாதிரி நின்றார்கள்.

"உன் போன் சொன்னா வேதம், என் போன் சொன்னா பொய்யா?" என்றாள் நாத்தனார். அந்தக் கேள்விதான் வெடுக்குக்கு எரிச்சலைக் கிளப்பியது.

முடி வெட்டிக்கொள்ள வரும் ஒரு பேராசிரியை, நகர நூலகத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் காசில்லாமல் தேடிப் படிக்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அடுத்த விடுமுறை நாளில் வெடுக்கு அங்கே போய் நின்றாள். கணினிப் பிரிவில் உட்கார்ந்திருந்த நூலகருக்கு அவளைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். ஒல்லி. யாரிடமும் அவசரப்படாத குரல்.

"இந்த க்ரீம் நல்லதா கெட்டதான்னு தெரியணும்" என்றாள் வெடுக்கு.

"அப்படிக் கேட்டா விக்கிறவன்தான் முதல்ல ஓடி வந்து பதில் சொல்வான்."

"நான் விக்கிறவனைக் கேக்கல. உங்களைத்தான் கேக்கறேன்."

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க எங்க எழுதி வச்சிருக்காங்கன்னு தேடச் சொல்லித் தரேன். உக்காருங்க."

நூலகர் முதலில் மண்டை ஓட்டுப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். "யார் எழுதினதுன்னு இருக்கா?" இல்லை. "எப்ப எழுதினது?" இல்லை. "கடைசி வரைக்கும் போங்க." கடைசியில் ஒரு மூலிகை எண்ணெயின் படமும், வாங்க அழுத்தவும் என்ற பொத்தானும் இருந்தன.

வெடுக்குக்கு முகம் சிவந்தது. பயமுறுத்தியவனும் கடைக்காரன்தான். அந்தக் கழிசடையை நம்பித்தான் நாத்தனாரிடம் மார்தட்டியிருக்கிறாள்.

"கேள்வியாக் கேக்காதீங்க" என்றாள் நூலகர். "எழுதினவங்க என்ன வார்த்தை போட்டிருப்பாங்கன்னு யோசிங்க. 'நல்லதா'ன்னு எந்த ஆராய்ச்சிக்காரரும் எழுத மாட்டார். முடி நேராக்குதல், அழகு நிலையத் தொழிலாளர், மூச்சுக் கோளாறு... இப்படி. சேர்ந்தே வரணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. ஒரே பொருளுக்கு ரெண்டு வார்த்தை இருந்தா, ரெண்டையும் 'அல்லது' போட்டுச் சேத்துடுங்க."

எல்லாம் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டியிருந்தது. பள்ளியோடு விட்டுப்போன ஆங்கிலம். எழுத்து தப்பினால் கணினி "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னது. அவள் அதையும் திட்டினாள். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். ஒரு தடவை ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. அத்தனையையும் எவள் படிப்பாள்? ஆண்டைக் குறுக்கி, இன்னொரு சொல்லைச் சேர்த்துச் சல்லடை போட்டாள். கையில் அடங்குகிற அளவுக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே சுருக்கம் இருந்தது. முதலில் அதைப் படித்தால் போதும், உள்ளே போகலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

அதில் திரும்பத் திரும்ப ஒரு பெயர் வந்தது. ஃபார்மால்டிஹைட். சூடு பட்டால் வாயுவாகக் கிளம்பும். கண், மூக்கு, தொண்டையை அரிக்கும். நெடுநாள் சுவாசித்தால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். எழுதியவர்கள் யார், எங்கே வேலை பார்ப்பவர்கள் என்று எல்லாம் போட்டிருந்தது. விற்க யாரிடமும் எண்ணெய் இல்லை.

அதைப் பிரதி எடுத்துக்கொண்டு மறுநாள் பார்லருக்குள் நுழைந்தாள். நாத்தனார் முழுதாகக் கேட்டாள். பிறகு அலமாரியிலிருந்து புட்டியை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"படி."

புட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது: ஃபார்மால்டிஹைட் இல்லாதது.

"எனக்குத் தெரியாதாடி? இருபது வருஷமா இந்தத் தொழில்ல குப்பை கொட்டறேன். இது வேணாம்னுதானே இந்தக் கம்பெனிக்கு மாறினேன்? பொறாமை பிடிச்ச யாரோ எதையோ எழுதி வச்சா, அதைத் தூக்கிட்டு வந்துட்டா!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். வெடுக்கு அயர்னை எடுத்தாள். அன்றைக்கும் மூக்கில் ரத்தம் வந்தது.

வீட்டில் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு தளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்தியே பழகியவன். "அக்கா மனசறிஞ்சு கெடுதல் செய்ய மாட்டாங்க" என்றான்.

"நான் அண்ணியைச் சொன்னேனா? எனக்கு ஏன் ரத்தம் வருதுன்னு கேட்டேன். அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க!"

அடுத்த விடுமுறையில் நூலகத்துக்குப் போனது தேடுவதற்காக இல்லை, சண்டை போடுவதற்காக. "உங்க பேச்சைக் கேட்டு நாத்தனார் முன்னாடி மானம் போச்சு" என்று ஆரம்பித்தாள். நூலகர் கடைசி வரை கேட்டாள். பிறகு, "அதுல அது இல்லன்னா, வேற என்ன இருக்கு?" என்றாள்.

புட்டியின் பின்பக்கத்தை வெடுக்கு போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். பொடி எழுத்து. பெரிதாக்கிப் பெரிதாக்கி, உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒவ்வொரு பெயராகத் தேடினாள். தண்ணீர், வாசனைப் பொருள், சோப்பில் போடுவது என்று ஒன்றுமில்லாததாகவே போயிற்று. நடுவில் மெத்திலின் கிளைக்கால் என்று ஒன்று. அதை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் முடி நேராக்குதல் என்று சேர்த்து அடித்தாள்.

வந்து நின்றது பூராவும் ஃபார்மால்டிஹைட்.

"உங்க மெஷின் கெட்டுப் போச்சு. நான் ஒண்ணு கேட்டா இது பழசையே காட்டுது" என்றாள்.

நூலகர் எழுந்து வந்து பார்த்தாள். "கெட்டுப் போகல. மேல இருக்கற சுருக்கத்தைப் படிங்க."

வெடுக்கு விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ஃபார்மால்டிஹைடைத் தண்ணீரில் கலந்தால் இந்தப் பெயர். சூடு காட்டினால் மறுபடியும் வாயு.

இரண்டாம் முறை படித்தாள். இத்தனை நாள் அவளுக்கு வந்ததெல்லாம் சின்னக் கோபம் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரியாமல் விற்றிருந்தால்கூடத் திட்டிவிட்டு விட்டுவிடலாம். முகப்பில் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டவனுக்கு, பின்னால் எந்தப் பெயரில் போட வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. யோசித்துச் செய்திருக்கிறான். யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பிச் செய்திருக்கிறான்.

"திருட்டு நாயே!" என்று கத்தினாள். நூலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நூலகர் விரலை உதட்டில் வைக்கப் போனவள், வைக்காமல் விட்டுவிட்டாள்.

அவசரப்படாமல் பேச வேண்டும், அண்ணியைத் தனியாக வைத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டுதான் மறுநாள் பார்லருக்குப் போனாள். ஆனால் நாற்காலியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள், கால் தரையில் எட்டாமல். தலை நிறையச் சுருட்டை. பள்ளியில் குழுப் படம் எடுக்கிறார்களாம். நேராக்கிவிடச் சொல்லி அம்மா அழைத்து வந்திருந்தாள். நாத்தனார் க்ரீமைக் கிண்ணத்தில் பிழிந்துகொண்டிருந்தாள்.

வெடுக்கு கைப்பையைக்கூட வைக்கவில்லை. "அண்ணி, குழந்தைக்கு வேணாம்."

"நீ வேலையைப் பாரு."

"அது இதுல இருக்கு அண்ணி. பேரை மாத்திப் போட்டிருக்கான். நான் பார்த்துட்டேன்."

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா? கஸ்டமர் முன்னாடி—"

"அவங்க முன்னாடிதான் சொல்லணும்!" அவள் சிறுமியின் அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, இதைப் போட்டுச் சூடு வச்சா வர்ற புகை மூக்கை அரிக்கும். எனக்கு ரத்தம் வருது. உங்க பொண்ணுக்கு இந்த முடியே அழகா இருக்கு. கூட்டிட்டுப் போங்க."

அந்த அம்மா ஒரு நிமிடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். நாத்தனார் கிண்ணத்தைத் தொட்டியில் வீசினாள்.

"என் கடையில நின்னுக்கிட்டு என் வயித்துல அடிக்கறியே! என் தம்பி பொண்டாட்டின்னு பார்த்தேன். வெளிய போ!"

போனாள். மேசையில் மெத்திலின் கிளைக்கால் பற்றிய சுருக்கத்தின் பிரதியை வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்று கணவன் வந்ததும் வராததுமாக, "அக்கா போன்ல அழறாங்க. நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசலாமா?" என்றான். வெடுக்கு அவனையும் உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். லிஃப்ட்டில் கயிறு அறுந்திருப்பது தெரிந்தால் நாலு பேர் ஏறுகிறார்களே என்று மரியாதை பார்த்துச் சும்மா இருப்பாயா என்று கேட்டாள். அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். அது அவன் மன்னிப்புக் கேட்கும் விதம்.

மழைக்காலம் முழுக்க நாத்தனாரோடு பேச்சு இல்லை. வெடுக்கு கடைத்தெருவின் மறுகோடியில், முடி வெட்ட மட்டும் செய்கிற ஒரு கடையில் சேர்ந்தாள். மூக்கில் ரத்தம் நின்றது. கோபம் நிற்கவில்லை. விடுமுறை நாளில் நூலகத்தில் உட்கார்ந்து, வீட்டில் தெளிக்கும் கொசு மருந்து, தரை துடைக்கும் திரவம் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். சிலது உண்மையிலேயே நல்லதாக இருந்தபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகு ஒருநாள் போனில் நாத்தனாரிடமிருந்து ஒரு படம் வந்தது. வேறு நிறத்தில் ஒரு புட்டி, அதன் பின்பக்கம். ஒரு வார்த்தை விசாரிப்பு இல்லை. வெடுக்கு உடனே கூப்பிட்டாள்.

"எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"கேட்டா நீ வெடுக்குனு ஏதாவது சொல்லுவ." பேச்சுக்கு நடுவே நாத்தனார் நீளமாக இருமினாள். "அந்தப் பழசை நிறுத்திட்டேன். இது புதுசு. இதுல ஒண்ணுமே இல்லன்னு சத்தியம் பண்றான். பார்த்துச் சொல்லு."

"சொல்ல மாட்டேன். நாளைக்கு நூலகத்துக்கு வாங்க. நீங்களே பாருங்க."

நாத்தனார் வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, இந்த க்ரீம் நல்லதா என்று அடித்தாள்.

"அழிங்க அண்ணி."

"ஏன்?"

"விக்கிறவனையே போய்க் கேக்கறீங்க. பின்னாடி இருக்கற பேரைப் போடுங்க. மேற்கோளுக்குள்ள."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க நாத்தனாருக்கு நேரம் பிடித்தது. வெடுக்கு பல்லைக் கடித்துக்கொண்டு கையை மடியிலேயே வைத்திருந்தாள். வாயில் நுழையாத மூன்றாவது பெயருக்கு, அதுவும் சூட்டில் பழைய வாயுவையே கிளப்புகிறது என்று சுருக்கம் வந்தது. நாத்தனார் அதைப் படித்தாள். வெடுக்கிடம் அர்த்தம் கேட்டாள். மறுபடி படித்தாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது.

"வெளிய வா" என்றாள்.

படிக்கட்டுக்கு வந்ததும் க்ரீம் விற்ற வியாபாரியைப் போனில் கூப்பிட்டாள். "யோவ், என் நெஞ்சுல கை வச்சுப் பாருய்யா, எப்படி இழுக்குதுன்னு. எத்தனை பொண்ணுங்க தலையில இதை என் கையால தடவினேன் தெரியுமா? இல்ல இல்லன்னு சொல்லியே ஊரை ஏமாத்தினீங்களே, உருப்படுவீங்களா?" அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். நாத்தனார் மூச்சு வாங்க நின்றாள். இருமல் வந்து குனிந்தாள். வெடுக்கு அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

"நம்பரைக் குடுங்க அண்ணி. இனிமே நான் பேசறேன்" என்றாள்.