சுவருக்கும் லேத்துக்கும் நடுவில்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் விலா எலும்புகளில் இரண்டு, குளிர்காலம் வந்தால் இன்னும் வலிக்கின்றன. எனக்கு அந்தச் சாட்சி போதும்.

பிப்ரவரி மாதம், சனிக்கிழமை, மதியம் 2:10. போர்ட் பிரி ஊரில் மாரீன் என்ற பெண்மணியிடம் நானும் என் கூட்டாளி கிளெமும் வாடகைக்கு எடுத்த பழைய பட்டறை. ஒன்றரை டன் லேத் இயந்திரத்தை இரும்புக் குழாய்கள் மேல் உருட்டி, பின்சுவர்ப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். முன்னால் கடப்பாரையோடு கிளெம். பின்னால், சுவருக்கும் லேத்துக்கும் நடுவில் மண்டியிட்டு, குழாய்களை அடியில் செருகிக்கொண்டு நான். அங்கே இருக்கவே கூடாது என்று முப்பது வருடமாக மற்றவர்களைத் திட்டியவன் நான்தான். பத்து நிமிட வேலைதானே என்ற திமிர்.

"முட்டாப்பய மாதிரி அங்க போய் உக்காராதடா" என்றான் கிளெம். சிரித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நெம்புவதற்கு முன் கடப்பாரைக்காரன் "கை?" என்று கேட்பான். கையை எடுத்தவன் "வெளியே" என்பான். பதில் வராமல் கடப்பாரை அசையாது. ஆளை ஆள் பார்க்க முடியாத இடத்தில் அந்தச் சொல்தான் உயிர்.

2:25. "கை?"

"வெளியே." நான்தான் சொன்னேன். ஓர் அங்குலம் நகர்ந்தது.

2:31. "கை?"

கையுறை குழாயடியில் மாட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

லேத் நகர்ந்தது.

நெஞ்சில் இரும்பு. முதுகில் செங்கல். கத்தப் பார்த்தேன்... காற்றுதான் வந்தது.

"கை?"

"வெளியே."

நான் சொல்லவில்லை. என் காதோரம், சுவர்ப் பக்கமிருந்து வந்தது. நிதானமான ஆண்குரல். அங்கே ஆள் நிற்க இடமே இல்லை...

இன்னோர் அங்குலம். க்ரக். என் எலும்பு.

செத்துவிடுவேன் என்று பயந்தேன்.

"கை?"

மாட்டாத கையில் ஸ்பேனர் இருந்தது. இரும்பில் அடித்தேன். டங்... டங்... டங்.

காதோரம் மூச்சு இழுக்கும் சத்தம். "வெளி..."

அதற்குள் கிளெம் எட்டிப் பார்த்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவன் அழுதான். "ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னியேடா."

மறுநாள் மாரீன் பார்க்க வந்தாள். அவள் அப்பாவும் அதே சுவரில்தான் நசுங்கிச் செத்தாராம். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஆள் நெம்பியிருக்கிறான். தான் "கை?" என்று கேட்டதாகவும், "வெளியே" என்று பதில் வந்த அப்புறம்தான் நெம்பியதாகவும் விசாரணையில் அவன் சத்தியம் செய்தானாம். ஒருவரும் நம்பவில்லை.

"எப்படி நம்புவாங்க?" என்றாள். "அப்பாவுக்குத் தொண்டையில புத்துநோய். குரல்வளையவே எடுத்து மூணு வருஷம் ஆயிருந்துச்சு."